வராக்கடன்

லெப்பை கம்பனிப் பேரேட்டில்
நூற்றுப் பதினேழாம் பக்கம் இன்னும் மூடவில்லை.
மூங்கில் சிம்பு ஆறு. பட்டத்தாள் நாலு.
அரிசிப் பசை ஒரு சிரட்டை, அதற்கு விலை போடவில்லை.
ஒரு ரூபா முப்பத்தைந்து சதம்.
பெயர்: எக்காடு.

எக்கார்ட் என்றுதான் சொன்னான்.
கப்பலுக்கு முட்டையும் தேசிக்காயும் ஏற்றுகிற அவசரத்தில்
என் காதில் விழுந்தது அப்படி.
எக்காடு? எந்தக் காடு?
உதுமான்கண்டு சிரித்தான், தோணியைத் தள்ளிக்கொண்டே.

முப்பத்துநாலு, மார்கழி.
உட்துறைமுகத்தில் ஒன்பது நாள் நின்றது அந்தச் சாம்பல் கப்பல்.
பயிற்சிக்கு வந்த பொடியன்கள்,
முதுகுத்தோல் வெயிலில் இறால்கோதாய் உரிந்தவர்கள்.
இவனுக்குக் கடல் பிடிக்கவில்லை.
கடற்படையில் சேர்ந்ததே பறக்கத்தான் என்றான்.
தன் நாட்டுக்குப் போர்விமானம் விலக்கு,
ஆகவே எஞ்சின் இல்லாமல் பழகினோம் என்றான்,
அரைகுறை இங்கிலீசில், என் அரைகுறை இங்கிலீசுக்கு.
மொட்டை மலையொன்றில்
எட்டுப்பேர் ரப்பர்க் கயிற்றை இழுத்துவிட,
மரச்சட்டமும் துணியும் அவனைத் தூக்கினதாம்
நாற்பது விநாடி.
நாற்பத்தொன்றில் உருளைக்கிழங்குத் தோட்டம்.
முன்பல்லில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை கோட்டைச் சிப்பாய் உள்ளே விட்டான்.
சுவாமிமலை விளிம்பில் பூசை.
கட்டடம் ஏதுமில்லை; பாறை, கற்பூரம், கீழே கடல்.
ஐயர் கடலுக்கு எறிந்த பூக்கள்
கடலுக்குப் போகவில்லை.
வாடை பாறையில் மோதி மேலே ஏறிவர
செவ்வரத்தைகள் எங்கள் முகத்துக்கே திரும்பின.
பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.
நான் சிலுவை போட்டேன், பழக்கதோசம்.
அவன் சத்தமாகச் சிரித்தான்.
பிறகு குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி,
ஒரு கடற்கழுகைக் கடிகாரம் வைத்துப் பார்த்தான்.
நாலு நிமிசம். அஞ்சு.
ஒருமுறைகூட இறகடிக்கவில்லை.
“அதுக்கும் எஞ்சின் இல்லை” என்றான்.

சிம்பும் தாளும் வாங்கினது அன்றைக்கு.
கந்தோர்ப் பின்கட்டில் இரவிரவாக ஒட்டி
விடிய மலையிலிருந்து விட்டான்.
ஏறினது, ஏறினது, டச்சுக்குடாப் பக்கம் திரும்பி
எங்கள் கண்ணை விட்டுப் போனது.
மத்தியானம் கப்பலுக்குத் தந்தி.
காசு தர நேரமிருக்கவில்லை.

பதினாறு மாதம் கழித்து ஒரு தபாலட்டை:
கடற்படை என்னை விட்டுவிட்டது.
இப்போது எஞ்சின் இருக்கிறது.
அந்தச் சத்தத்தில் காற்றுக் கேட்பதில்லை.
கடன் நினைவிருக்கிறது.

முப்பத்தொன்பதில்,
யாரிடம் ஜெர்மன் கடிதம் என்று பொலிஸ் வரமுன்னம்
அதை அடுப்பில் போட்டேன்.
பேரேட்டைக் கிழிக்கவில்லை. எண் போட்ட பக்கம்.

நாற்பத்திரண்டு.
சித்திரைப் பிறப்புக்கு ஐந்து நாள் இருக்கக் காலமை
யப்பான் விமானங்கள்.
பேரேடுகளைக் கட்டிக்கொண்டு மேசைக்குக் கீழே நான்.
சீனன்குடா எண்ணெய்த்தாங்கி எரிந்த புகையில்
பகல் அணைந்தது.
வெட்கத்தோடு சொல்கிறேன்,
அப்போது நான் செபம் சொல்லவில்லை.
மேலே இருக்கிறவர்களில் எவன்
எந்த மலையில் குப்புறக் கிடந்து
பறவைக்கு நேரம் பார்த்தவன் என்று யோசித்தேன்.
உதுமான்கண்டுவின் தோணி அன்று கரைக்கு வரவில்லை.
அடுத்த நாளும்.

வைகாசியில் கணக்கு முடிக்கையில் முதலாளி கேட்டார்:
யார் இந்த எக்காடு? வராக்கடனில் போடட்டா?
எந்தக் காடு என்று செத்தவன் கேட்ட கேள்வி
எனக்கு இப்போதுதான் கேட்டது.
எந்தக் காட்டில், எந்த வயலில்,
அல்லது எவன் வீட்டுக்கு மேலே.
“பொறுங்கோ” என்றேன்.

மலைக்கு இப்போது விடுவதில்லை.
அவன் படுத்த இடத்தில் மணல்மூட்டை,
வானம் பார்த்த பீரங்கி.
வாடை தொடங்க
இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.