முப்பத்தைந்து காசு

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதே காலுக்கு
நவநீதன் கூப்பிட்டான், மெர்ச்சண்டைசர்.
"பீஸுக்கு முப்பத்தஞ்சு காசு
குறைச்சுக்கோணுங்க்கா. பையர் புடியா நிக்கறான்.
வடக்க ஒரு கம்பெனி சரின்னுருச்சுங்."

பையரை நான் கண்டதில்லை.
அவன் ஊரில் அப்போது பகலா பனியா தெரியாது.
அவன் விரல் ஒரு சென்ட் அசைந்தால்
பெருமாநல்லூர் சாலையில், ஷீட்டுக் கொட்டகையில்,
என் பன்னிரண்டு மெஷினுக்கும்
ஒரே நேரத்தில் தும்மல் வருகிறது.

பேட்டர்ன் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
நூல் கோன். ஊசி. எண்ணெய்.
ஏறிய கரண்டு. ஏறப்போகும் வாடகை.
கைமடிக்கும் பாவாத்தாளுக்கு ஒரு பீஸுக்கு
எத்தனை காசு என்று எழுதி, அதைப் பார்த்துவிட்டு,
அந்த வரியை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு
மிச்சத்தைக் கூட்டினேன்.
எட்டாயிரம் பீஸுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு.
சம்பளக் கவர்களில்
எந்தக் கவருக்குப் பிசிர் வெட்டுவது?

ஏழாம் நம்பர் மெஷின் செகண்ட் ஹேண்ட்.
எங்கோ மூடிய பேக்டரியிலிருந்து கப்பலில் வந்தது.
மேசைக்கு அடியில்
ஆணியால் கீறிய ஒரு பெயர் இருந்தது.
படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை.
கடைசி நாளில் கீறியிருப்பாள்.
அவளிடமும் சொல்லியிருப்பார்கள்,
திருப்பூரில் ஒருத்தி இதைவிடக் குறைவாய்த் தைக்கிறாள் என்று.
அந்த ஒருத்தி நான்.
அன்றைக்கு அது எனக்கு நல்ல சேதி.

சனிக்கிழமை மத்தியானம், டீ வந்த நேரம்,
சுக்ரா ஓரானின் போன்.
மூன்றாம் நம்பர் ஓவர்லாக்கில் நான்கு வருஷம் இருந்தவன்.
தமிழை என் திட்டிலிருந்தும்
மினிபஸ் கண்டக்டரிடமிருந்தும் பொறுக்கியவன்.
ராஞ்சி பக்கம் புதுக் கம்பெனியில்
இப்போது லைன் சூப்பர்வைசர்.
"ஏனுங்க்கா, நல்லாருக்கீங்களா?
கழுத்து ரிப் அலையடிக்குதுங்க்கா.
திருகை ஏத்தோணுமா எறக்கோணுமா?"

"ஸ்டைல் நம்பர் என்ன?"
சொன்னான்.
என் மேசையில் கட்டுக்கட்டாய்க் கிடந்த
அதே நம்பர். அதே சாம்பல் நிறம்.

ஒரு சொல் போதும்.
அவன் லைனில் கழுத்தெல்லாம் கடலாகும்,
லாட்டே செகண்ட்ஸ் ஆகி
காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் விழும்,
ஆர்டர் இக்கட்டத் திரும்பும்.
வாய் திறந்துவிட்டது.
குறிலில் நிறுத்தினால் எறக்கு,
நெடிலாய் இழுத்தால் ஏத்து.
அவ்வளவுதான் தூரம்.

"ஏத்து. அரைக் கோடு.
அதுக்கு மேல போனாச் சுருங்கும்."

பிறகு, சும்மா கேட்பதுபோல்:
"அங்க பீஸ் ரேட்டு எப்படிடா?"
சிரித்தான்.
"உங்களாலதானுங்க்கா எங்களுக்கும் குறைஞ்சுது.
பெருமாநல்லூர் ரோட்டுக்காரங்க
முப்பத்தஞ்சு காசு விட்டுட்டாங்க, நீங்களும் விடுங்கன்னு
புதன்கிழமையே மெயில் வந்துருச்சே."

புதன்கிழமை.
எனக்குப் போன் வந்தது வெள்ளிக்கிழமை.
நான் குறைக்காத ரேட்டு
எனக்கு முன்னால் ரயிலேறிப் போய்
ராஞ்சியில் இறங்கி
அவனையும் கூட்டிக்கொண்டு
என்னைக் குறைக்கத் திரும்பி வந்திருக்கிறது,
டிக்கெட் எடுக்காமல்.
வழியில் டாக்காவிலும் இறங்கியதோ என்னவோ.

திங்கள் காலை நவநீதன் மறுபடி.
"என்னுங்க்கா முடிவு?"
"சுக்ரா உன்னை விசாரிச்சான்" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
கரண்டு போன கொட்டகை.
அவனைச் சொல்லி என்ன,
அவனுக்கு மேலே ஒரு கேபின்,
கேபினுக்கு மேலே ஒரு சென்ட்.
பிறகு மெதுவாக:
"இருபது காசுன்னு வெச்சுக்கலாங்களா?"

அட்டையில் முப்பத்தைந்தை அடித்தேன்.
இருபதை எழுதவில்லை.
மூன்றாம் நம்பரில் புதிதாய் வந்த பையன்,
எந்த ஊர் என்று இன்னும் கேட்கவில்லை,
கழுத்து அலையடிக்குது என்று
கையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.