தோன்றல், திரிதல், கெடுதல்

காகித உறைக்குள் ஆறு செதில்கள்.
மேலே பென்சிலில்: ஆர்போன் கரை, 1937 நவம்பர்,
ஆழம் நூற்றிருபது மீட்டர்.
எழுதிய கை நடுங்கியிருக்கிறது,
அல்லது படகு.

ஸெரைனா இடுக்கியால் ஒன்றை எடுக்கிறாள்.
உலர்ந்த சளி, சளிக்குள் தோல்,
தோலுக்குள் நான்கே எழுத்தால் ஆன
இருநூறு கோடி நீளத்து வாக்கியம்,
எலி கடித்ததுபோல் துண்டு துண்டாக.

மீனின் பெயர் கில்ஹ்.
வலையோடு மேலே இழுத்தால்
வயிறு பந்தாக ஊதிவிடும்.
வெளிச்சத்துக்கு வரும்போதே
பாதி செத்திருக்கும்.

பனிப்பாறை உருகிப் போடன் ஏரி ஆன காலத்தில்
வந்து சேர்ந்தது ஒரே குலம்தான்.
ஒருத்தி கரை மணலில் முட்டையிட்டாள்.
ஒருத்தி நடுநீரில் சிந்திவிட்டுப் போனாள்.
ஒருத்திக்கு இருட்டு பிடித்திருந்தது.
சண்டையில்லை, பாகப்பிரிவினைப் பத்திரமில்லை.
ஒரே நீரைக் குடித்துக்கொண்டு
ஆயிரமாயிரம் குளிர்காலம்
மணம் பேசாமல் இருந்தார்கள், அவ்வளவே.

அவர்களின் ஏடுகளை அருகருகே வைத்தால்
பக்கம் பக்கமாக ஒன்றே.
எங்கோ நடுவில் இரண்டு வரி வேறு:
செவுளில் எத்தனை முள்,
மங்கலில் கண் எதைப் பிடிக்கும்.
அந்த இரண்டு வரியின் திண்மையில்தான்
ஒரு மீன் இன்னொரு மீனாகாமல் நின்றது.

நம் இலக்கணக்காரர் கேட்டால் வியக்கமாட்டார்கள்.
தோன்றும், திரியும், கெடும்;
சேர்கிற இடத்தில் எழுத்துக்கு வேறென்ன நேரும்?
மரம் வேரைச் சேர்ந்தால் மகரம் கெடும்.
கெடும் என்றால் அழுகும் என்றல்ல.
ஒலிக்காமல் போகும்.

பிறகு சலவைத்தூள் வந்தது.

ஸெரைனாவின் அம்மா இத்தா
இரண்டு ஓட்டல்களுக்கு விரிப்பு வெளுத்தவள்.
அந்தக் கரையிலேயே வெள்ளை அவளுடையது.
வியன்னாவிலிருந்து வந்த சீமாட்டிகள்
விரலால் தடவிப் பார்த்துத்தான் படுப்பார்கள்.
நுரை ஓடைக்குப் போனது, ஓடை ஏரிக்கு.
அவள் ஒருத்தியின் நுரை அல்ல, மூன்று நாட்டின் நுரை.
ஏரி கொழுத்தது, பச்சையாய்ப் பூத்தது.
பூத்ததெல்லாம் செத்து அடியில் இறங்கி
அடியின் மூச்சைக் குடித்தது.
இருட்டில் இட்ட முட்டைகள்
இருட்டாகவே நின்றுவிட்டன.

மூச்சுத் தேடி மேலேறியது கில்ஹ்.
மேலே, மணம் பேசாத அந்த உறவுக்காரர்கள்.
புணர்ச்சி என்பதுதான் அதற்கும் பெயர்,
இலக்கணத்தில் இதற்கும் பெயர்.
எழுபதுகளில் ஏதோ ஒரு வருடம்
வலையில் ஒன்றுகூட விழவில்லை.
எந்த வருடம் என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

திரையில் இப்போது இன்றைய மீன்கள்.
"காசு வேண்டாம், தலையை மட்டும் திருப்பிக் கொடு,
பூனைக்கு" என்று கெப்ஹார்ட்
விடியலில் வாசலில் வைத்துப்போனவை.
நீல ஃபெல்ஷெனின் வரிகளுக்கிடையே ஒரு துண்டு.
இன்னொன்று. தள்ளி, மறுபடி ஒன்று.
முப்பத்தேழாம் ஆண்டுச் செதிலோடு
எழுத்துக்கு எழுத்து.
அவள் காபியை ஆறவிட்டாள்.

ஞாயிறன்று அம்மாவிடம் சொன்னாள்,
குற்றப்பத்திரிகை போலாகிவிடாமல்
மீனிலிருந்து தொடங்கி, சுற்றி வளைத்து.
வாணலியில் வெண்ணெய் சிவந்தது.
"யாரும் சொல்லவில்லையே" என்றாள் இத்தா.
சற்றுக் கழித்து,
"சொல்லியிருந்தாலும் வெளுத்திருப்பேன்.
வீட்டில் நான்கு வயிறு."
அப்புறம், மீனைத் திருப்பிப் போட்டபடி,
"இதிலும் இருக்கிறதா அது?"

கொஞ்சம், என்றாள் ஸெரைனா.
எவ்வளவென்று இன்னும் எண்ணி முடியவில்லை.
ஏரி தெளிந்துவிட்டது.
அடியில் மூச்சு திரும்பிவிட்டது.
இறங்கத் தெரிந்த ஒரு வரி
இறங்காத உடம்பில் கிடக்கிறது.

இத்தா தலையாட்டினாள்.
முள்ளை ஒவ்வொன்றாய் எடுத்து
தட்டின் விளிம்பில் வரிசையாய் வைத்தாள்,
கொடியிலிருந்து கழற்றிய கவ்விகளைப் போல.