எருமைக்கல் தெரிகிறதா

காலை ஆறரைக்கு முதல் அழைப்பு.
"ஆறு இன்றைக்கு எப்படி?"
வத்தளையிலிருந்து யாரோ,
வாயில் பற்பசையோடு.

சன்னலைத் தள்ளி எருமைக்கல்லைப் பார்க்கிறேன்.
வயிறு வரை தெரிந்தால்
படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.
முதுகு மட்டும் தெரிந்தால் நல்ல நாள்.
கொம்பு மட்டும் என்றால்
நீந்தத் தெரிந்தவர்கள், வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள்.
ஒன்றுமே தெரியாவிட்டால்
தொலைபேசியை எடுக்காமலிருப்பது உத்தமம்.

நிறமும் உண்டு.
பிளேன்டி நிறம் என்றால் வரலாம்.
பால் விட்டதுபோல் கலங்கினால்
மேலே எங்கோ மண் இறங்கியிருக்கிறது.

இதெல்லாம் நிஹால் மாத்தயாவின் பலகையில் இல்லை.
அதில் ஆணியில் மாட்டிய தகரச் சூரியன் ஒன்று
சிரித்துக்கொண்டிருக்கும்.
கழற்றிவிட்டு மேகத்தை மாட்டலாம்.
மேகம் போன வருசமே தொலைந்துவிட்டது.

என் வானிலை நிலையம் புஸ்பராணி.
நோட்டனுக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையில்
இடுப்பில் படங்கு கட்டி நிற்கிறாள்.
அண்ணன் பெண்டாட்டி.
போனைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருப்பாள்.
கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பினால் பேச்சு.

"என்னடி, மேல எப்படி?"
"மப்பு."
"எப்படி மப்பு?"
"எதிர் மலை லயம் தெரியல. கோயில் மணிக்கூண்டு தெரியுது."

அப்படியென்றால் எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது.
மணிக்கூண்டும் மறைந்தால் ஒன்று.
அவள் சும்மா சிரித்தால்
மழை தொடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை
வெள்ளவத்தையிலிருந்து பஸ் வந்தது, பதினைந்து பேர்,
எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி.
கித்துல்கலவில் அப்படியொரு வெயில்.
கொடியில் காய்ந்த மிதவைச் சட்டைகள்
கருவாடுபோல் விறைத்திருந்தன.
சந்தனகுமார் காலால் பம்பை மிதித்து
படகுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

பத்து நாற்பதுக்குப் புஸ்பராணி எடுத்தாள்.
சிரித்தாள்.
"நிறுத்திட்டாங்கடி. அரைப்பேர்தான்."
அவள் குரலுக்குப் பின்னால்
பொலித்தீன்மேல் மழை விழுகிற சத்தம்.

நான் கையை உயர்த்தினேன்.
சந்தனகுமார் காலை எடுத்தான்.
படகு பாதி வயிற்றோடு நின்றது.

"வெயில் கொளுத்துதே, தங்கச்சி!"
தொப்பிக்காரர்களின் தலைவர் வானத்துச் சூரியனைக் காட்டினார்,
பிறகு பலகைச் சூரியனைக் காட்டினார்.
சாட்சி இரண்டு.
"இந்த வெயில் இந்த ஊர் வெயில், ஐயா.
வாற தண்ணி இந்த ஊர்த் தண்ணி இல்ல."

நிஹால் மாத்தயா என்னை எதுவும் சொல்லவில்லை.
கல்குலேட்டரில் பதினைந்தைப் பெருக்கினார்,
அழித்தார், மறுபடி பெருக்கினார்.

அவர்கள் மிதவைச் சட்டை போட்டு
கரையில் கிடந்த படகோடு படம் பிடித்தார்கள்.
சோறு சாப்பிட்டார்கள்.
ஒருவர் காலில் அட்டை. சவர்க்காரம் கொடுத்தேன்.
போனார்கள்.

இரண்டு மணிக்குப் பார்த்தேன். முதுகு.
மூன்று மணிக்கும் முதுகு,
அதன்மேல் ஒரு நீர்க்காகம் இறகு விரித்துக் காயவைத்தது.
சங்கூதுகிறதா என்று காதைத் தீட்டினால்
பாண்கார ஆட்டோவின் பாட்டுத்தான் வந்தது.
நாலு மணி. பிளேன்டி நிறம்,
அடியில் கூழாங்கல்லை எண்ணலாம்.

தேக்கத்தில் இடம் இருந்திருக்கிறது.
அவ்வளவு மழையையும் அணை குடித்துவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டது.

சாயந்தரம் அவளே எடுத்தாள்.
"தண்ணி வந்துச்சா?"
"வரல."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"இங்க பேஞ்சது நெசம்டி."
"தெரியும்."
"திட்டுனாரா?"
"இல்ல. எனக்கும் அரைப்பேர்."
இப்போதும் சிரித்தாள்,
ஆனால் இது மழைச் சிரிப்பு இல்லை.

சந்தனகுமார் வால்வைத் திறந்துவிட்டு
இறங்குகிற படகின்மேல் மல்லாந்து படுத்தான்.
தரை வரைக்கும் அப்படியே போனான்.

இரவு பதினொன்றரைக்குச் சங்கு ஊதியது,
நீளமாக, மூன்று தரம்.
நான் எழுந்திருக்கவில்லை.
இருட்டில் கல் எப்படியும் தெரியாது.