ஒரு நாள் தள்ளி

வரைபடம் பாகோ என்கிறது,
வாய் பாங்கோ என்கிறது.
அச்சுக் கோர்த்தவன் விரலுக்கு அகப்படாமல் நழுவிய அந்த ங,
தமிழில் தனியே நிற்கக் கூசும் அதே ங,
இங்கே சொல்லின் நடுவே சம்மணமிட்டிருக்கிறது.
துறைமுகமும் அந்த எழுத்தின் மடிப்புத்தான்:
எரிமலை தனக்குள் சரிய,
ஒரு பக்கச் சுவர் உடைய,
கடல் உள்ளே திரும்பி
முழங்கால் மடக்கி உட்கார்ந்துவிட்டது.

எதிரே பியோவா மலை.
"சுங்கச்சாவடி" என்பான் எதேவாதி,
"ஈரத்தைக் கட்டாமல் எந்த மேகமும் தாண்ட முடியாது."

வந்தவர்கள் தென்னையைப் பார்த்து வரவில்லை.
ஆழத்தைப் பார்த்து வந்தார்கள்.
கப்பலுக்குக் கரி கொட்டிவைக்க ஓர் இடம்.
எங்கோ ஒரு மேசைமேல்
அளவுகோல் வைத்து இழுத்தார்கள்:
நூற்றெழுபத்தொன்றாம் பாகை.
மேற்கு ஒருவருக்கு, கிழக்கு ஒருவருக்கு.
துத்துயிலா கையெழுத்திட்டது.
மனுவா இன்னும் நாலு வருஷம் முகம் கொடுக்கவில்லை.
கோட்டுக்கு அந்தப்புறம் பெண் கொடுத்திருந்தவர்கள்
மறுநாளும் படகேறிப் போய்வந்தார்கள்,
கடலில் எதுவும் தட்டுப்படவில்லை.

அப்புறம் தேதி வந்தது.

ஆப்பியா தன் வியாபாரத்துக்காக
நாட்காட்டியில் ஒரு வெள்ளிக்கிழமையைத் தாண்டிக் குதித்தது.
ரூத்தாவின் மகன் பெனியாமினாவுக்கு
அந்த வெள்ளியன்று ஏழு வயதாக வேண்டும்.
வாங்கிய கேக் கேக்காகவே இருந்தது.
"நான் இன்னும் ஆறா?" என்று கேட்டு
சனிக்கிழமை முழுக்க அழுதான்.

இப்போது ரூத்தாவுக்கும் வாய்லுவாவுக்கும் நடுவே
அரைமணி நேர விமானம், ஒரு முழு நாள்.
கடிகாரத்தில் இருவருக்கும் ஒரே மணி.
டுனா ஆலையில் மீன்தலை நறுக்கிய கையை
எலுமிச்சையால் தேய்த்துக்கொண்டே
வாய்லுவா போனில் கேட்பாள்:
"உன் நாளைக்கு மழையா?"
"காய்கிறது. துணி போடு."
அவள் நம்பித் துணி போடுவாள்.
பியோவா பொய்யாக்கும்.

எதேவாதி இவர்கள் இருவருக்கும் தம்பி.
பதினெட்டில் பட்டாளம்.
அவன் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி:
தேசத்தவர், ஆனால் குடிமகன் அல்லர்.
பாலைவனத்தில் உடன் இருந்தவனிடம் அதைக் காட்டினான்.
அவன் இரண்டு தடவை படித்துவிட்டு
"அச்சுப்பிழையா?" என்றான்.
திரும்பி வந்து பஸ் ஓட்டினான் எதேவாதி,
மரப்பலகையில் கட்டிய பஸ்,
கூரையில் ஸ்பீக்கர், கண்ணாடியில் கழுகு.

செவ்வாய் சாயங்காலம்,
பிரார்த்தனைச் சங்கு ஊதி எல்லோரும் உள்ளே போன நேரம்,
ஸ்டியரிங்கிலேயே சாய்ந்திருந்தான்.

ரூத்தாவுக்குச் செய்தி புதனன்று எட்டியது.
வியாழன் காலை ஏறினாள்.
புதன் காலை இறங்கினாள்.
பாய்கள் இரண்டை நெஞ்சோடு அணைத்து,
ஓடுபாதையிலேயே நின்றுவிட்டாள்.
கையில் ஒரு நாள் உபரி.
அதை எங்கே செலுத்துவது?
கேட்க யாருமில்லை.
சுங்க அதிகாரி பாய்களை மட்டும் பதிந்துகொண்டார்.

வீட்டு முன்னால்தான் புதைத்தார்கள்.
இங்கே இறந்தவர்கள் ஊர்க்கோடிக்குப் போவதில்லை,
துணி உலரும் கொடிக்குக் கீழேயே இருப்பார்கள்.
நிலத்தை வெளியாருக்கு விற்க முடியாது என்பதற்கு
அதைவிட நல்ல பத்திரம் எது?

சிமெண்ட் குழைத்தவன் ஆணியோடு காத்திருந்தான்.
"என்ன தேதி?"
"ஒன்பது" என்றாள் வாய்லுவா.
"பத்து" என்றாள் ரூத்தா. "நான் அழுதது பத்தில்."
"செத்தது இங்கே."
"அங்கே செத்தானே, எனக்கு?"
வெயில் ஏறியது. சிமெண்ட் இறுகத் தொடங்கியது.
மாதத்தையும் வருஷத்தையும் கீறிவிட்டு
முன்னால் கொஞ்சம் இடம் விட்டான்.

அந்த இடத்தில் இப்போது
பக்கத்து வீட்டு நாயின் கால்தடம் ஒன்று,
நாலு விரல், ஒரு குழி.
மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது.
மழை இங்கே எப்போதும் பெய்கிறது.