பக்க மூடி

ஜூன் மாதம். புந்தா அரேனாஸில்
காலை பத்துக்குத்தான் விடியும்.
அதற்கு முன்பே எழுந்து, இருட்டில் தடவி
பொத்தானை அமுக்கிவிட்டுக் கெட்டிலைப் போடுவேன்.
தண்ணீர் கொதித்து, ஆறி,
மறுபடி சுடவைத்த பிறகு
திரையில் ஒரு வட்டம்
சுற்றலாமா வேண்டாமா என்று சுற்றும்.

பதினோரு வருஷப் பெட்டி.
ஏழு நண்டுப் படகுகளின் கணக்கும் இதன் வயிற்றில்தான்.
டீசல், கூண்டுக் கயிறு, இரை,
கடனுக்கு எடுத்த ரப்பர் பூட்ஸ்,
முன்பணத்தை வாங்கிக்கொண்டு
துறைமுகப் பக்கமே வராதவர்களின் பெயர்கள்.

போன வாரம் நீலக் கட்டம் ஒன்றில் அதுவே சொன்னது:
'புதிய பதிப்புக்கு இந்தக் கணினி தகுதி பெறவில்லை.'
நான் கேட்கவே இல்லை.

தூக்கிப் போடு என்றான் ஓஸ்வால்டோ.
அவனுக்கு எல்லாமே தூக்கிப் போடத்தான்:
கிறீச்சிடும் கார் கதவு, கை ஒடிந்த நாற்காலி,
தம்பி மனைவி வைக்கும் சூப்.

வரியில்லாச் சந்தைக்குப் போனேன்.
காற்று என்னைக் கடையின் கண்ணாடியில்
நோட்டீஸ் மாதிரி ஒட்டியது.
பால்டொமெரோ காட்டிய புதுப் பெட்டிக்குள்
சிவப்பும் பச்சையுமாய் விளக்கு ஓடியது.
நண்டுக் கணக்குக்கு எதற்கு வாணவேடிக்கை?
ஆறு லட்சம் பெசோ.
பழையதைக் கொடுத்தால்? சிரித்தான்.
செத்தாலும் ஆயிரம் பொன் என்பது
யானைக்கு மட்டும்தான்.

சரி, பழையதற்கே மெமரி?
அந்த ரகம் இப்போது செய்வதில்லையாம்.
சாந்தியாகோவில் யாரோ கழற்றிப் போட்டதை வரவழைக்கலாம்.
சில்லு பன்னிரண்டாயிரம், விமானத்துக்கு இருபதாயிரம்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

வீட்டுக்கு வந்து பக்க மூடியைக் கழற்றினேன்.
உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி நெய்யப்பட்டிருந்தது,
பாதி தூசு, பாதி பூனை.
வாக்குவம் போட்டு உறிஞ்சியபின் தெரிந்தது,
மெமரிக்கு இரண்டு இடம், ஒன்றில்தான் சில்லு.
பதினோரு வருஷமாய் ஒன்று காலியாகவே இருந்திருக்கிறது.
ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு தாளை நடுவில் மடித்துப் புதுசு, பழசு என்று எழுதினேன்.
புதுசின் கீழே: வேகம். சத்தமில்லை. உத்தரவாதம்.
பழசின் கீழே: கணக்கு மென்பொருள் வேறெதிலும் ஓடுமா?
அதை எழுதித் தந்த ஆள்
ஜலசந்திக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டான்.
போனை எடுப்பதில்லை.

தாள் மேசையிலேயே கிடந்தது.
அதன்மேல்தான் ஓஸ்வால்டோ கடிதத்தை வைத்தான்.
கடற்படை மருத்துவரின் முத்திரை. இடது கண்ணில் புரை.
படகு ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க
'தகுதி பெறவில்லை.'

வலது கண்ணால் இன்னொரு தடவை வாசித்தான்.
பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு
திறந்துகிடந்த பெட்டிக்கு முன்னால் குந்தினான்.
வெகுநேரம்.
இதில் எதையெல்லாம் மாற்றலாம் என்றான்.
நான் ஸ்க்ரூடிரைவரை நீட்டினேன்.

எட்டு நாளில் சில்லு வந்தது.
பால்டொமெரோவிடம் முப்பத்தைந்தாயிரத்துக்கு
ஒரு எஸ்எஸ்டி, சீட்டுக்கட்டைவிட ஒல்லி.
இப்போது பத்தொன்பது நொடி.
கெட்டில் முனகக்கூடத் தொடங்குவதில்லை.
நீலக் கட்டம் மட்டும் விடாமல் வருகிறது, அதே வாக்கியத்தோடு.
அதுவும் சீக்கிரமாகவே வருகிறது.

ஜூலையில் பருவம் திறக்கும். தம்பி ஓட்டுவான்.
அறுவை ஆகஸ்ட்டில்தான்;
கண் அதேதான், வில்லை மட்டும் புதிதாம்.
அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து
டீசல் ரசீதுகளை மூக்குக்கு நேரே பிடித்து
எண்களைக் கத்துகிறான், இன்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கத்துவதுபோல.
மெதுவாகச் சொல் என்கிறேன், தட்டிக்கொண்டே.

பக்க மூடியை இன்னும் போடவில்லை.
போடப் போனால் கையைத் தட்டிவிடுகிறான்.
விசிறி சுற்றுவது தெரிய வேண்டுமாம்.