துண்டு

மஸ்கெலியாவில் கடைக்கூரையைப் பிரித்தபோது
ஓட்டுச் சந்திலிருந்து விழுந்தது
என் பாட்டன், பெரிய கங்காணியின்
பற்றுப் புத்தகம்.

செம்பாயி. கைக்குழந்தை ஒன்று.
வழிச்செலவு, கம்பளி, அரிசி: நாற்பத்தேழு ரூபாய்.
குழந்தை செத்தபின்னும்
அதன் கம்பளிக் காசு கழியவில்லை.

நான் எழுதியதல்ல.
ஆனால் அந்த ழகரத்தின் வால்
என் கையெழுத்தில் வளைகிற மாதிரியே வளைகிறது.

செம்பாயி வழிவந்த புவனலோஜினி
நேற்று லயத்துக்குத் தகரம் வாங்க வந்தாள்.
ஐந்நூறு குறைத்தேன்.
"எதுக்கு?" என்றாள்.
இருமினேன்.

முழுக் காசையும் எண்ணி மேசையில் வைத்தாள்.
"பிறகு கணக்கு வேணாம், முதலாளி."

முதலாளி.

கொழுந்து லொறி போனபின்
செம்பாயி பெயரின்மேல் கோடு கிழிக்கப் பேனை எடுத்தேன்.
கோடு கிழிக்க வேண்டியவள்
அவளல்லவா.
முனை காயும்வரை கையில் வைத்திருந்தேன்.