அணைக்கட்டுமா

இரவு பதினொன்றேகால்.
கிளைப்பெடா துறைமுகத்தில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து
கிந்தௌதஸ் வருகிறான். காலணியில் உப்பு.
கோட்டைக் கழற்றும் முன்பே
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்பான்:
"அணைக்கட்டுமா?"

என்னை இல்லை.
மேசைக்கடியில் முனகும் கறுப்புப் பெட்டியை.

"வேண்டாம், தூங்க வைத்துவிட்டு வருகிறேன்."
மகன் டப்ளினுக்குப் போன பிறகு
இந்த வீட்டில் நான் தூங்க வைக்கும் ஒரே ஜீவன் அது.

அவன் கிரேன் ஓட்டுபவன்.
வேலை முடிந்தால் கொக்கியை மேலேற்றி,
பிரேக்கைப் பூட்டி, சாவியைத் திருப்பி,
ஏட்டில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைப்பான்.
பாதி நிறுத்திய எதுவும்
காற்றுக்கு நேர்ந்துவிட்டது என்பான்.
மின்கட்டண ரசீதின் முதுகில்
ஒருமுறை கணக்கும் போட்டுக் காட்டினான்:
என் பிடிவாதத்தின் மாத விலை
ஒரு கறுப்பு ரொட்டியின் ஓரம்.

தரலாம், ஓரம்தானே.
காலையில் ஒரு விசையைத் தொட்டால் போதும்
பதினேழு ஜன்னல்களும் நேற்று நின்ற இடத்தில் நிற்கும்,
புகைமீன் கடைக்காரரின் வரிக்கணக்கு
அதே நாற்பத்தோராம் வரியில் என்னை முறைக்கும்.
இரவெல்லாம் அந்தச் சின்ன வெள்ளை விளக்கு
மெல்லப் பெருகி, மெல்ல வடியும்.
அறிதுயில்.
பூனைக்கு அதன் கதகதப்பு பழகிவிட்டது.

இதெல்லாம் அவனுக்குச் சொன்ன காரணங்கள்.

பதினேழில் ஒன்றுக்குப் பெயர் கிடையாது.
நவம்பரில் திறந்தது. ஐந்து வரி.
"ரமூனே," என்று தொடங்கி
ஒரு காற்புள்ளி, பிறகு
பனி எப்போது விழுந்தது என்பதைப் பற்றி நான்கரை வரிகள்.
அப்பாவின் தோட்டக் குடிலை விற்ற நாளில்
பணத்தை எண்ணிக்கொண்டே நான் அவளிடம் சொன்ன
அந்த ஒரு வாக்கியத்தின் பக்கத்தில்கூட
இன்னும் போகவில்லை.

தூங்க வைத்தால் பெட்டி எதையும் கேட்பதில்லை.
அணைத்தால் கேட்கும்:
சேமிக்கவா, வேண்டாமா?
மூன்றாவதாக 'ரத்து' என்று ஒன்று இருக்கும்.
மூன்று வருடமாக
நான் அதற்குள்தான் குடியிருக்கிறேன்.

பிப்ரவரியில் படிக்கட்டுச் சுவரில் காகிதம் ஒட்டினார்கள்.
நாளை காலை ஆறிலிருந்து பத்து வரை
மின்சாரம் இருக்காது, கம்பி மாற்றுகிறோம்.
அன்றைக்கென்று கடலில் சூறை.
ஒன்பது மணிக்கே அவன் போன் செய்தான்:
"கிரேனை எல்லாம் நிறுத்தியாயிற்று. பேருந்து தாமதம்.
நீயே அணைத்துவிடு."

ஒவ்வொன்றாகச் சாத்தினேன்.
டப்ளினின் வானிலை.
வாங்காத பூட்ஸின் விலை.
தேன் அடுக்கு கேக்,
நாற்பத்தோராம் வரி (அது மட்டும் சமர்த்தாகப் போனது).
கடைசியில் அந்தப் பெட்டி வந்தது,
மூன்று பொத்தான்களோடு.
கை பழக்கத்தில் மூன்றாவதற்குப் போனது.
காற்று பால்கனிக் கதவை உதைத்தது.
எடுத்துவிட்டேன். முதலாவதை அமுக்கினேன்.

அத்தோடு விடுமா?
பெயர் கேட்டது.

'கடிதம்' என்று அடித்தேன், அழித்தேன்.
'பனி' என்று அடித்தேன்.
அதையும் அழித்துவிட்டு
'அக்காவுக்கு' என்று வைத்தேன்.

முனகல் நின்றது.
இத்தனை நாள் அது முனகிக்கொண்டிருந்தது என்பதே
நின்ற பிறகுதான் கேட்டது.
குளிர்பெட்டியின் நடுக்கம். மாடிவீட்டு இருமல்.
பூனை எழுந்து, பெட்டியை ஒருமுறை முகர்ந்து,
என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
ரேடியேட்டருக்குப் போனது.

நள்ளிரவுக்குக் கிந்தௌதஸ் வந்தான், காதுவரை நனைந்து.
மேசைக்கடியில் இருட்டைக் கண்டு
நம்பாமல் கேட்டான்:
"அணைத்துவிட்டாயா?"

"இன்னும் இல்லை" என்றேன்,
ஈரக் கோட்டோடு சேர்த்து.

காலையில் சொன்னபடி மின்சாரம் போனது.
அடுப்பு இல்லை, காபி இல்லை.
பிளாஸ்கில் மிச்சமிருந்த நேற்றைய தேநீரை
ஆளுக்குப் பாதியாக ஊற்றினான்.
உள்ளே ஐந்து வரி
பெயரோடு, சில்லென்று கிடக்கிறது.
ஆறாவதற்கு என்ன என்று
பென்சிலால் ரசீதின் முதுகில்,
அவன் கணக்குக்குக் கீழே,
எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
மணி எட்டரைதான் ஆகிறது.